அரை வருஷமா, ஒரு வருஷமா? செண்டாய் போகும் மாணவிக்கு

வாசகி கடிதம்: மேடம், கோவைப் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் இசிஇ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரிக்கும் ஜப்பானில் செண்டாய் நகரத்தில் இருக்கும் தோஹோகு பல்கலைக்கழகத்துக்கும் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருக்கிறது. வரும் அக்டோபருக்கு என் பெயரைப் பரிந்துரைக்கப் போவதாகத் துறைத் தலைவர் சொல்லியிருக்கிறார். ஒரு செமஸ்டரா, இரண்டு செமஸ்டரா என்று நான் சொல்ல வேண்டும். அப்பா கரூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். "ஒரு வருஷம் என்றால் கேம்பஸ் இன்டர்வியூ போய்விடும், அரை வருஷம் போய்விட்டு வா" என்கிறார். அம்மாவுக்கு நிலநடுக்கப் பயம். நாங்கள் சைவம் வேறு. வாரம் 28 மணி நேரம் வேலை பார்த்தால் செலவு முழுவதையும் சமாளித்துவிடலாம் என்று ஒரு யூடியூப் வீடியோவில் பார்த்தேன். ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. போகலாமா?

அன்புள்ள மாணவிக்கு,

போகலாம். ஆனால் அரை வருஷத்துக்குப் போகாதீர்கள். போவதென்றால் ஒரு வருஷம். அதற்கு உங்கள் கல்லூரி எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால் இந்த முறை விட்டுவிடுங்கள்.

அப்பா சொல்வதற்கு நேர்மாறாக ஏன் சொல்கிறேன் என்றால், அவர் பார்ப்பது மாதக் கணக்கு. நான் பார்ப்பது காலண்டர். ஒரு பொறியியல் கல்லூரியின் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் 12 வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ஜப்பான் போய் அங்கே சிரமப்பட்டுத் திரும்பிய பிள்ளைகளைவிட, நன்றாகப் படித்துவிட்டு வந்து இங்கே சிக்கிக்கொண்ட பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். முதல் பருவம் ஏப்ரலில் ஆரம்பித்து ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் முதல் வாரத்திலோ முடிந்துவிடும். இரண்டாம் பருவம் அக்டோபர் தொடங்கி பிப்ரவரி ஆரம்பம் வரை. இதை நம்முடைய காலண்டர் மேல் வைத்துப் பாருங்கள். அக்டோபர் முதல் தேதி நீங்கள் செண்டாயில் இருக்க வேண்டும். அப்போது உங்கள் ஐந்தாம் செமஸ்டர் பாதியில் நிற்கும். தேர்வு நவம்பர், டிசம்பரில். பிப்ரவரி நடுவில் திரும்பி வந்தால் ஆறாம் செமஸ்டர் ஒரு மாதத்துக்கு மேல் ஓடியிருக்கும், முதல் உள்தேர்வும் முடிந்திருக்கும், வருகைப் பதிவேட்டில் ஓட்டை விழுந்திருக்கும். அதாவது, அங்கே ஒரு பருவம் படிக்க இங்கே இரண்டு பருவத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது.

ஒரு வருஷம் என்றாலும் போவது அதே இரண்டு பருவம்தான், ஐந்தும் ஆறும். ஆகஸ்ட் முதல் பாதியில் திரும்பிவிடுவீர்கள். ஏழாம் செமஸ்டர் அப்போதுதான் சூடுபிடிக்கும். கேம்பஸ் நேர்காணலில் முதலில் வரும் ஒன்றிரண்டு கம்பெனிகள் கை நழுவலாம், மறுக்கவில்லை. ஆனால் முதல் சுற்றுத் தேர்வைப் பல கம்பெனிகள் இணையத்தில்தான் நடத்துகின்றன. ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அவ்வளவுதான். இங்கே காலை 10 மணித் தேர்வு என்றால் அங்கே மதியம் ஒன்றரை. சாப்பிட்டுவிட்டு எழுதலாம்.

கடைக்காரர் மகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒரே விலைக்கு ஒரு கிலோவும் கிடைக்கிறது, அரைக் கிலோவும் கிடைக்கிறது. அப்பாவிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள்.

சரி, இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருவோம். ஒரு பாடத்தில் தேறினால் அதன் அளவுக்கு ஏற்ப உங்கள் கணக்கில் சேரும் புள்ளி, அதாவது கிரெடிட்.

சில வருஷம் முன்பு ஒரு மாணவன் என்னிடம் வந்தான். எங்கள் கல்லூரி இல்லை, வேறொரு கல்லூரி. ஜப்பானில் ஒரு வருஷம் படித்து, எல்லாப் பாடத்திலும் நல்ல கிரேடு வாங்கி வந்திருந்தான். கல்லூரியில் பட்டியலைக் கொடுத்தபோது, "இந்தப் பாடத்தின் பெயர் நம் சிலபஸில் இல்லையே" என்றார்களாம். கடைசியில் இரண்டே பாடம் தேறின. மீதியை ஜூனியர்களோடு உட்கார்ந்து எழுதினான். கிளம்புமுன் அவன் கேட்டபோது, "போய்விட்டு வா தம்பி, பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒருவர் வாயால் சொல்லியிருக்கிறார். பையன் திரும்புமுன் அவர் மாறுதலாகிப் போய்விட்டார். "பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

உங்களுக்கு அப்படி ஆகாமல் இருக்க ஒரு கணக்கு கையில் இருக்கட்டும். ஜப்பானில் ஒரு வகுப்பைக் கோமா என்பார்கள். பெரும்பாலும் 90 நிமிடம். சில இடங்களில் நீட்டியிருக்கிறார்கள்: டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 105 நிமிடம், வசேடாவில் 100. வாரம் ஒரு கோமா விரிவுரைக்குப் பருவ முடிவில் பொதுவாக 2 கிரெடிட். வாரத்துக்கு ஏழு கோமாவாவது எடுக்கச் சொல்லிப் பல பல்கலைக்கழகங்கள் பரிமாற்ற மாணவர்களிடம் கேட்கும். அது விசாவோடு சம்பந்தப்பட்ட விஷயம். ஏழு கோமா என்றால் 14 கிரெடிட். நம் கல்லூரியில் ஒரு செமஸ்டருக்கு 20, 22 என்று போகும். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டு, "குறைகிறதே" என்பார்.

குறையவில்லை. ஜப்பானிய விதிப்படி ஒரு கிரெடிட் என்பது 45 மணி நேரக் கற்றல். வகுப்பும் வீட்டில் படிப்பதும் சேர்த்து. 2 கிரெடிட் பாடம் என்றால் 90 மணி நேரம். நம் நாட்டில் 2023-ல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட். 90-ஐ 30-ஆல் வகுத்தால் 3. அவர்களுடைய 2 நம்முடைய 3. ஆக 14 கிரெடிட் இங்கே 21. ஒரு முழு செமஸ்டர். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, துறைத் தலைவரிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், அதில் தப்பில்லை; வருஷத்துக்கு ஒரு பரிமாற்ற மாணவர் வந்தால் பெரிய விஷயம். ஒரு எச்சரிக்கை: மொழி வகுப்புகளுக்கு ஒரு கோமாவுக்கு ஒரே கிரெடிட் தருவதும் உண்டு. ஏழில் நான்கை ஜப்பானிய வகுப்பாக எடுத்துவிட்டால் கணக்கு கவிழும்.

பாடத்தின் பெயர் ஒத்துப்போகவில்லை என்று தள்ளினால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. பாடத்துக்குப் பாடம் பொருத்தாமல், விருப்பப் பாடம், திறந்த விருப்பப் பாடம், பயிற்சி, மினி புராஜெக்ட் என்று தொகுதியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். தன்னாட்சிக் கல்லூரியில் கல்விக் குழு கூடி இதை நிறைவேற்ற முடியும். பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அந்த விதத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. எப்படியும் எழுதித்தான் ஆக வேண்டிய மையப் பாடம் இரண்டு மூன்று இருந்தால், அவற்றைப் போகுமுன்போ வந்த பின்போ முடிக்க வழி கேளுங்கள். ஸ்வயம் என்பிடிஇஎல் என்ற இணையவழிப் பாடம் எடுத்துச் சரிக்கட்டலாம் என்றால் அதன் தேர்வை இந்தியாவில் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். செண்டாயிலிருந்து முடியாது.

ஜூலைக்குள் உங்கள் கையில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று கல்விக் குழு ஒப்புக்கொண்ட தீர்மானம். ஐந்தாம் செமஸ்டர் தேர்வு எழுதாதது அரியர் ஆகாது என்று தேர்வுப் பிரிவின் கடிதம். வேலைவாய்ப்புப் பிரிவிடமிருந்து, திரும்பும்போது கேம்பஸுக்கு உங்களைத் தகுதியுள்ளவராக எடுத்துக்கொள்வோம் என்று ஒரு மின்னஞ்சலாவது. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கம்பெனி "நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது" என்று விதி வைக்கும். ஜப்பான் மதிப்பெண் பட்டியல் வந்துசேர பருவம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நடுவில் கல்லூரிக் கணினி உங்களை அரியர்காரர் என்று காட்டும். கணினியிடம் போய் வாதாட முடியுமா?

தோஹோகு பற்றி ஒரு வார்த்தை. உங்கள் தாத்தா காலத்து வீட்டு மொட்டைமாடியில் தூர்தர்ஷனுக்காக மீன்முள் மாதிரி ஓர் அலுமினிய ஆன்டெனா நின்றிருக்கும், படம் தெரியவில்லை என்றால் யாராவது மேலே ஏறித் திருப்புவார்கள். அதன் பிறப்பிடம் இந்தப் பல்கலைக்கழகம்தான். 1926-ல் இங்கே யாகி, உடா என்ற இருவரும் அதை உலகுக்குச் சொன்னார்கள். ஆன்டெனா பாடத்தில் யாகி-உடா என்று படிக்கப் போகிறீர்கள். இசிஇ மாணவி அந்த ஊருக்கே போய்ப் படிக்கிறாள் என்றால் எனக்குச் சின்னப் பொறாமைகூட வருகிறது. 2002-ல் வேதியியல் நோபல் வாங்கிய கோயிச்சி தனாக்கா இங்கே மின்பொறியியல் இளங்கலை படித்தவர். ஜெர்மன் மொழிப் பாடத்தில் தேறாமல் ஒரு வருஷம் பின்தங்கினார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அரியர் பயத்தில் தூங்காத பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்வது இது.

அரை வருஷம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இங்கேதான் இருக்கிறது. அறிவியல், பொறியியல் பரிமாற்ற மாணவர்களை அங்கே வகுப்போடு நிறுத்துவதில்லை. ஓர் ஆய்வகத்தில் சேர்த்துவிடுவார்கள். ஜப்பானிய ஆய்வகம் ஒரு குடும்பம் மாதிரி. மூத்தவர் சென்பாய், இளையவர் கோஹாய். எல்லோருக்கும் மேலே சென்செய். அந்தச் சொல்லுக்கே "முன் பிறந்தவர்" என்றுதான் பொருள். உங்களுக்கென்று ஒரு மேசை கொடுப்பார்கள். முதல் இரண்டு மாதம் யாரும் உங்களிடம் பெரிதாக எதுவும் ஒப்படைக்க மாட்டார்கள், பார்த்துக்கொண்டிருப்பார்கள். டிசம்பரில் ஒரு கருவியைத் தொட விடுவார்கள். ஜனவரியில் நீங்கள் கேட்கும் கேள்வி கொஞ்சம் அர்த்தமுள்ளதாக இருக்கும். பிப்ரவரியில் கிளம்பினால் பழுக்கிற நேரத்தில் மரத்தை விட்டுப் போன கதைதான். பின்னால் முதுகலைக்கு ஜப்பான் போக வேண்டும், ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குப் பல்கலைக்கழகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும் என்றால், உங்களை மாணவியாக ஏற்கும் ஒரு பேராசிரியர் வேண்டும். வெறும் மின்னஞ்சலில் அறிமுகமானவரைவிட, பத்து மாதம் தன் ஆய்வகத்தில் கூட்டிப் பெருக்கினவரை அவர் நினைவில் வைத்திருப்பார். கூட்டிப் பெருக்குவது என்று உண்மையாகவே சொல்கிறேன். ஆய்வகத்தைச் சுத்தம் செய்வது முறைபோட்டு எல்லோருக்கும் வரும்.

அங்கே மூன்று சொல்லைச் சேர்த்து ஹோரென்ஸோ என்பார்கள்: தெரிவி, தொடர்பில் இரு, கலந்து பேசு. பசலைக் கீரைக்கும் அதே உச்சரிப்பு, அதனால் மனசில் நிற்கும். நம் பிள்ளைகள் சறுக்குவது இதில்தான். வேலை முடியும்வரை வாயைத் திறக்காமல் இருந்து, முடிந்ததும் பிரமாதமாகக் காட்டலாம் என்று நினைப்பார்கள். சென்செய்க்கு அது பிடிக்காது. கெட்டுப்போனதை அன்றே சொன்னால் ஒன்றும் ஆகாது. ஒரு வாரம் கழித்துச் சொன்னால் முகம் மாறும். அவர் ஏதாவது கேட்டதற்கு "சொத்தோ..." என்று இழுத்து நிறுத்தினால் அதற்கு "இல்லை" என்று அர்த்தம். நம் ஊரில் "பார்க்கலாம்" என்று இழுப்பது போலத்தான்.

பணத்துக்கு வருவோம். பரிமாற்ற ஒப்பந்தம் என்றால் கல்விக் கட்டணத்தை உங்கள் கல்லூரிக்கே கட்டுவீர்கள். அங்கே கட்ட வேண்டியதில்லை. இருக்க, சாப்பிட, போக வர ஆகும் செலவுதான் உங்களுடையது. பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைத்தால், செண்டாயில் சிக்கனமான மாணவிக்கு மாதம் 80,000 முதல் 90,000 யென் ஆகும் என்பது என் கணக்கு. யென்னுக்கு 57 காசு என்று வைத்தால் 50,000 ரூபாய்க்குச் சற்று முன்னே பின்னே. பத்து மாதத்துக்கு 5 லட்சம். விமான டிக்கெட், குளிர்கால உடுப்பு, முதல் மாதத்து ஒருமுறைச் செலவுகள் எல்லாம் தனி. விடுதியை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். வெளியே வீடு எடுத்தால் முன்பணம் தவிர "ரெய்கின்" என்று வீட்டுக்காரருக்கு நன்றிப் பணம் ஒன்று கேட்பார்கள், திரும்ப வராது. உத்தரவாதம் தர ஆளோ நிறுவனமோ வேண்டும்.

ஜாஸ்ஸோ என்ற ஜப்பானிய மாணவர் சேவை அமைப்பு பரிமாற்ற மாணவர்களுக்கு மாதம் 80,000 யென் உதவித்தொகை தருகிறது. ஆளைத் தேர்ந்தெடுப்பது அங்குள்ள பல்கலைக்கழகம். மதிப்பெண் அவர்கள் அளவில் 3-க்கு 2.3 இருக்க வேண்டும். கிடைத்தால் கிட்டத்தட்ட முழுச் செலவும் தீர்ந்துவிடும். ஆனால் இடம் குறைவு. கிடைக்காது என்று வைத்தே அப்பா கணக்குப் போடட்டும், கிடைத்தால் லாபம்.

அந்த யூடியூப் தம்பியின் 28 மணி நேரம். சட்டப்படி சரிதான்: மாணவர் விசாவில் இருப்பவர் தனி அனுமதி வாங்கிக்கொண்டு வாரம் 28 மணி நேரம் வேலை செய்யலாம், நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி நேரம். முதல்முறை இறங்கும்போது விமான நிலையத்திலேயே அந்த அனுமதியைக் கேட்டு வாங்கலாம். ஒரு தாள்தான், நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். செண்டாய்ப் பக்கம் கூலி மணிக்கு 1,000 யென்னை ஒட்டி. பெருக்கிப் பார்த்தால் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் வரும், காகிதத்தில். ஆனால் ஜப்பானிய மொழி தெரியாதவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கிடங்கிலும் உணவுத் தொழிற்சாலையிலும் இரவு ஷிப்ட். ஏழு கோமாவும் ஆய்வகமும் வைத்துக்கொண்டு அதைச் செய்தால் அடுத்த நாள் சென்செய் முன் கொட்டாவிதான் வரும். அதோடு, விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, கையில் பணம் இருக்கிறது என்று வங்கி இருப்புச் சான்று காட்ட வேண்டும். "வேலை செய்து சமாளிப்பேன்" என்பது அங்கே எடுபடாது. முதல் மூன்று மாதம் வேலையே தேடாதீர்கள். பிறகு வாரம் எட்டு, பத்து மணி நேரம் கிடைத்தால், மொழி பேசிப் பழகக் கிடைத்த இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காகித வேலை பெரிதாகத் தெரியும், ஆனால் வரிசை தெரிந்தால் எளிது. பல்கலைக்கழகம் உங்களுக்காக அவர்கள் குடிவரவுத் துறையில் தகுதிச் சான்று வாங்கித் தரும். எல்லோரும் சிஓஇ என்பார்கள். அது வர ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும், வந்த பிறகு மூன்று மாதம்தான் செல்லும். அதை வைத்துத்தான் சென்னையிலுள்ள ஜப்பான் துணைத் தூதரகத்துக்கு விஎஃப்எஸ் என்ற விசா விண்ணப்ப மையம் வழியாக விசா விண்ணப்பம். பாஸ்போர்ட் இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். ஜப்பானில் இறங்கியதும் வசிப்பு அட்டை கொடுப்பார்கள், அதை எப்போதும் உடம்போடு வைத்திருக்க வேண்டும். இடம் பிடித்த 14 நாளுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும். அங்கேயே தேசிய சுகாதாரக் காப்பீட்டில் சேர்ப்பார்கள். வருமானமில்லாத மாணவருக்கு மாதம் சுமார் 2,000 யென்தான், மருத்துவச் செலவில் நீங்கள் 30 சதவீதம் கட்டினால் போதும். 20 வயது நிறைந்தவர்களைத் தேசிய ஓய்வூதியத்திலும் சேர்ப்பார்கள். உங்களுக்கு அங்கே இருக்கும்போது 20 முடிந்தால் கடிதம் வரும். பயப்படாமல் அதே அலுவலகத்தில் விலக்குக்கு எழுதிக் கொடுங்கள்.

அம்மாவின் நிலநடுக்கப் பயத்தைச் சாதாரணமாகத் தள்ள மாட்டேன். 2011 மார்ச் 11-ல் 9.0 அளவில் வந்த நிலநடுக்கம் அந்தப் பகுதிக் கடலில்தான். செண்டாயின் கடலோரத்தைச் சுனாமி அடித்துக்கொண்டு போனது. பொறியியல் வளாகம் இருப்பது கடற்கரையில் இல்லை, ஊருக்கு மேற்கே ஆவோபாயாமா என்ற குன்றின் மேல். அங்கேயும் சில கட்டிடங்கள் சேதமாகி, பிறகு புதிதாகக் கட்டினார்கள். நிலம் ஆடும், அது நிச்சயம். வருஷத்தில் பலமுறை சின்னதாக ஆடும். ஆனால் அதற்கென்றே கட்டிய கட்டிடம், அதற்கென்றே பழகிய மக்கள். பெரிய ஆட்டத்துக்குச் சில நொடி முன்னால் எல்லோர் கைபேசியும் ஒரே குரலில் அலறும். முதல் தடவை அந்தச் சத்தம்தான் நிலநடுக்கத்தைவிடப் பயமாக இருக்கும் என்று எங்கள் மாணவி ஒருத்தி சொன்னாள். வளாகத்தில் பேரிடர்ப் பயிற்சி நடக்கும், தப்பாமல் போங்கள். குன்றின் மேல் காடு இருப்பதால் கரடி நடமாட்ட எச்சரிக்கையும் அவ்வப்போது வரும். இதை மட்டும் அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

சாப்பாடு. "நிக்கு நாஷி", அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் போதும் என்று எல்லோரும் நினைத்துப் போகிறார்கள். அங்கே இறைச்சி வேறு, மீன் வேறு. சூப், குழம்பு, நூடுல்ஸ் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தாஷி என்ற சாறு. பெரும்பாலும் காயவைத்த கட்சுவோ மீனைச் சீவிப் போட்டது. பார்க்கக் காய்கறி சூப்பாக இருக்கும், உள்ளே மீன் இருக்கும். ஆகையால் கண்டிப்பான சைவம் என்றால் சமைத்துத்தான் சாப்பிட வேண்டும், வேறு வழி தேடி அலைய வேண்டாம். காய், பால், தயிர், டோஃபு, அரிசி எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். அரிசி நம் பொன்னி மாதிரி உதிராது, ஒட்டும்; தயிர்சாதத்துக்கு அதுவே பிரமாதம். பருப்பு, மசாலா சாமான்களை இந்தியக் கடைகளிலிருந்து தபாலில் வரவழைக்கலாம். ஊர்ப் பலகாரம் என்றால் ஸுண்டா கிடைக்கும்: பச்சை சோயாவை இடித்துச் சர்க்கரை சேர்த்து, மோச்சி என்ற அரிசிக் கொழுக்கட்டை மேல் பூசுவார்கள். செண்டாயின் பெருமையே அது. பூரணம் வெளியே வந்த கொழுக்கட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக மொழி. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். வட்டார அலுவலகம், மருத்துவமனை, விடுதிக் குப்பைத்தொட்டி மேல் ஒட்டியிருக்கும் அறிவிப்பு எதுவும் ஆங்கிலத்தில் நடக்காது. இன்னும் ஆறேழு மாதம் இருக்கிறது. ஹிராகனா, கட்டாகனா என்ற அடிப்படை எழுத்து வரிசை இரண்டையும் இரண்டே வாரத்தில் எழுதிப் பழகிவிடலாம். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் தமிழ்நாடு மையம் நெடுங்காலமாக மொழி சொல்லித்தருகிறது, ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வையும் நடத்துகிறது. தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும். ஜூலையில் அடிமட்டமான என்5 எழுதிப் பாருங்கள். தேறுவதற்காகச் சொல்லவில்லை, ஒரு கெடு இருந்தால்தான் படிப்போம்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அதை யாரும் போதுமான அளவு சொல்வதில்லை. வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். "சாப்பிட்டுப் பார்" என்று நாம் சொல்வதை அவர்களும் சாப்பிட்டு, பார் என்ற இரண்டு வினையை வைத்தே "தாபெதே மிரு" என்கிறார்கள். "செய்து வை" என்பது "ஷிதே ஒகு". ஒகு என்றால் வை. "என்று" என்று நாம் போடும் இடத்தில் அவர்கள் "தோ" போடுவார்கள். ஆங்கிலம் வழியாகப் படித்தால் இவையெல்லாம் பெரிய இலக்கண அத்தியாயங்கள். தமிழில் யோசித்தால் ஒரு மணி நேரம். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் இதையெல்லாம் பார்த்து இரண்டு மொழியும் சொந்தம் என்றே வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சொந்தமோ இல்லையோ, வாக்கியத்தை ஆங்கிலத்தில் யோசித்து மாற்றாதீர்கள், தமிழிலிருந்து நேரே போங்கள். கஷ்டம் கான்ஜி என்ற சீன வழி எழுத்தில்தான். அதற்குத் தமிழும் உதவாது.

பெட்டி கட்டும்போது மிக்ஸியை எடுத்து வைக்க அம்மா முயற்சி செய்வார். அங்கே மின்சாரம் 100 வோல்ட்; நம் 230 வோல்ட் மிக்ஸி முனகும், அரைக்காது. இசிஇ மாணவியான நீங்களே விளக்கிவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, காய், பழம் சுங்கத்தில் நிற்கும், அவை வேண்டாம். கடையில் பாக்கெட் போட்ட இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி, புளிக்காய்ச்சல் போதும். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து ஒரு மாதத்துக்கு மேல் கொண்டுபோக வேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதிச் சான்று வாங்க வேண்டும். சளிக்கென்று வீட்டில் கிடக்கும் மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் அதிகமிருந்தால் அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டு வையுங்கள்.

திங்கட்கிழமை முதல் வேலையாகத் தேர்வுப் பிரிவுக்குப் போங்கள். துறைத் தலைவரிடம் "ஒரு வருஷம்" என்று சொல்வது அதற்கு அப்புறம்.